விலகும் நாடு எதை வைத்துப் பேரம் பேசுகிறது?

சட்டத்தையும் சந்தையையும் எல்லையையும் பல நாடுகள் பொதுவில் வைத்துக்கொண்ட பிறகு அவற்றில் ஒன்று விலக நினைத்தால், அதன் நிபந்தனைகளை வகுப்பது யார்? விலகும் நாடா, எஞ்சி நிற்கும் நாடுகளா, அல்லது எப்போதோ எழுதிவைத்த உடன்படிக்கையா? ஐரோப்பாவில் இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளாகச் சட்ட அறிஞர்களும் பொருளியலாளர்களும் அரசியல் ஆய்வாளர்களும் வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறார்கள். 2016-க்குப் பிறகு அந்த விடைகள் எல்லாவற்றையும் உரசிப் பார்க்க ஓர் உரைகல் கிடைத்தது. அது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பேச்சுவார்த்தை.

அதை விவாகரத்து என்று எழுதுவது மேலைநாட்டு ஏடுகளின் வழக்கமாகிவிட்டது. ஒப்புமை அவ்வளவாகப் பொருந்தவில்லை. மணமுறிவு பெற்றவர் வேறு ஊருக்குக் குடிபோய்விடலாம். நாட்டால் அது முடியாது. நம் ஊர்ப் பாகப்பிரிவினைப் பத்திரம் இன்னும் நெருக்கமான ஒப்புமை. நிலத்தைப் பங்கு போட்டு எல்லைக்கல் நட்டு முடித்த பிறகும் அதில் கிணற்றுப் பாத்தியம், வண்டித்தடப் பாத்தியம் என்று சில வரிகள் இருக்கும். சொத்தைப் பிரிப்பதைவிட அந்த வரிகளை எழுதுவதில்தான் வழக்கு வளரும். இக்கட்டுரையில் பரிசீலிக்கப்படும் விடைகள் பெரும்பாலும் நிலத்தை அளக்கின்றன. பாத்தியத்தைப் போதிய அளவு கவனிப்பதில்லை.

கதவு இருந்ததா?

1957-இல் கையெழுத்தான ரோம் உடன்படிக்கை காலவரையறை இல்லாமல் செய்யப்பட்டது. விலகுவது பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. இந்த மௌனத்துக்கு இருவிதமாகப் பொருள் கொண்டார்கள். உறுப்பு நாடுகள் தம் இறையாண்மை உரிமைகளை நிரந்தரமாக வரம்புக்குட்படுத்திக்கொண்டன என்று 1964-இல் கோஸ்டா எதிர் எனெல் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியதைப் பிடித்துக்கொண்டு, தன்னிச்சையாக விலகும் உரிமையே இல்லை என்றது ஒரு தரப்பு. 1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையும் இவர்களுக்கு ஓரளவு துணை நின்றது. விலகல் விதி இல்லாத ஓர் உடன்படிக்கையிலிருந்து, தரப்பினரின் நோக்கமோ உடன்படிக்கையின் தன்மையோ இடம் தந்தால் ஒழிய, விலக முடியாது என்கிறது அதன் 56-ஆம் உறுப்பு.

மறுதரப்பு நடைமுறையைக் காட்டியது. 1973 ஜனவரி 1-இல் சேர்ந்த பிரிட்டன், இரண்டே ஆண்டுகளில், 1975 ஜூனில், தொடர்வதா வேண்டாமா என்று மக்களிடம் கேட்டது. ஏறத்தாழ 67 சதவீதத்தினர் தொடரலாம் என்றார்கள். ‘வேண்டாம்’ என்று அவர்கள் சொல்லியிருந்தாலும் அது செல்லாது என்று அப்போது எந்தத் தலைநகரும் வாதிடவில்லை. 1983-இல் தொழிற்கட்சி தன் தேர்தல் அறிக்கையிலேயே விலகலை வாக்குறுதியாக வைத்தது. ஆக, ஏட்டில் இல்லாத கதவு அரசியலில் இருந்தது என்று சொல்வதே சரியாக இருக்கும்.

ஏட்டிலும் அந்தக் கதவு வைக்கப்பட்டது 2002-03-இல் கூடிய ஐரோப்பிய மாநாட்டில். மாநாட்டின் தலைமைச் செயலாளர் ஜான் கெர், பிரிட்டனின் முன்னாள் தூதர். வரைவில் முக்கியப் பங்கு அவருடையது. சர்வாதிகாரத்துக்கு மாறிய ஏதோ ஒரு நாடு கோபித்துக்கொண்டு வெளியேறும் சூழலையே தாம் மனத்தில் வைத்திருந்ததாகப் பின்னாளில் அவர் கூறியிருக்கிறார். அரசியல் சாசன உடன்படிக்கையை 2005-இல் பிரான்சும் நெதர்லாந்தும் நிராகரித்தன. விலகல் விதி மட்டும் தப்பிப் பிழைத்து லிஸ்பன் உடன்படிக்கையின் 50-ஆம் உறுப்பாக 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. விலகும் நாட்டைப் பொறியில் சிக்கவைக்கவே இது வடிவமைக்கப்பட்டது என்று பின்னர் பலர் எழுதினார்கள். அதன் விளைவைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் எழுதியவர்கள் ஒரு பெரிய உறுப்பு நாடு அதைக் கையில் எடுக்கும் என்று எதிர்பார்த்ததற்கே சான்று குறைவு. எதிர்பாராதவர்கள் பொறி வைத்தார்கள் என்பது சற்றுக் கடினமான வாதம்.

பலம் யார் பக்கம்?

இரண்டாவது விடை பொருளியலிலிருந்து வருகிறது. அதன் வேர் 1945-இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் எழுதிய நூலில் இருக்கிறது. நாஜி ஜெர்மனி தென்கிழக்கு ஐரோப்பாவின் சிறு நாடுகளை வணிகத்தின் மூலம் எப்படித் தன் பிடிக்குள் கொண்டுவந்தது என்று அவர் ஆராய்ந்தார். இரு நாடுகள் ஒரே அளவு சரக்கைப் பரிமாறிக்கொண்டாலும், யாருடைய மொத்த வணிகத்தில் அது பெரும் பங்கோ அவரே அதிகம் சார்ந்திருக்கிறார். சார்ந்திருப்பவர் பேரத்தில் தாழ்ந்து நிற்கிறார். ராபர்ட் கியோஹேனும் ஜோசஃப் நையும் 1977-இல் இதைச் சமமற்ற சார்பு என்ற கோட்பாடாக விரித்தார்கள்.

2016-இல் பிரிட்டனின் ஏற்றுமதியில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் ஒன்றியத்துக்கே போனது. ஒன்றியத்தின் எந்தப் பெரிய நாட்டுக்கும் பிரிட்டன் அந்த அளவு முக்கியமான சந்தை அல்ல. கோட்பாட்டின்படி முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. விலகல் ஆதரவாளர்கள் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். பிரிட்டன் விற்பதைவிட வாங்குவது அதிகம். ஆகவே ஜெர்மனியின் கார் நிறுவனங்கள் பெர்லினுக்கு நெருக்கடி கொடுத்து நல்ல ஒப்பந்தம் வாங்கித் தரும் என்றார்கள். கார் நிறுவனங்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு வாடிக்கையாளரைவிட 27 நாடுகளின் ஒரே சந்தை குலையாமல் இருப்பது அவற்றுக்குப் பெரிதாக இருந்தது.

இந்த விடை பெருமளவு சரி. இருந்தாலும் அது விளக்காமல் விடுவது ஒன்றுண்டு. 2017-இலும் 2018-இலும் 2019-இலும் பலச்சமன்பாடு ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஒப்பந்தங்களோ ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டன. பிரதமர் தெரசா மே 2018 நவம்பரில் கொண்டுவந்த 585 பக்க வரைவு முழு ஐக்கிய ராச்சியத்தையும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பரப்பில் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. அவருக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் 2019 அக்டோபரில் முடித்தது பிரிட்டன் தீவை அதிலிருந்து விடுவித்து, வட அயர்லாந்தை மட்டும் ஐரோப்பியச் சரக்கு விதிகளுக்குள் விட்டது. சார்பின் அளவு மாறவில்லை என்றால் எது மாறியது? லண்டன் எதைத் தக்கவைத்துக்கொள்ள நினைத்தது என்பது மாறியது.

கட்டப்பட்ட கை

உள்நாட்டு அரசியலைக் கணக்கில் எடுக்கும் கோட்பாடு இங்கே வருகிறது. பேரத்தில் பலவீனமே பலமாகலாம் என்று 1960-இல் தாமஸ் ஷெல்லிங் எழுதினார்: ‘என்னால் இதற்கு மேல் இறங்க முடியாது, வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்’ என்று நம்பும்படி சொல்லக்கூடியவர் எதிராளியை இறங்கவைக்கலாம். சந்தையில் கணவனைக் காட்டி மனைவியும் மனைவியைக் காட்டிக் கணவனும் விலை குறைக்கும் உத்திதான். 1988-இல் ராபர்ட் புட்னம் இதை இரட்டைத்தள ஆட்டம் என்று பெயரிட்டு ஒழுங்குபடுத்தினார். பேச்சாளர் ஒரே நேரத்தில் வெளிநாட்டு மேசையிலும் உள்நாட்டு மேசையிலும் ஆடுகிறார். இரண்டு இடத்திலும் செல்லுபடியாகும் காய் மட்டுமே உண்மையான காய்.

ஐரோப்பாவிலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் இருந்தது. மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை டென்மார்க் மக்கள் 1992 ஜூனில் மயிரிழையில் நிராகரித்தார்கள். ஆறே மாதத்தில், எடின்பரோ மாநாட்டில், டென்மார்க் நாணயம், பாதுகாப்பு முதலியவற்றில் விதிவிலக்குகளைப் பெற்றது. அடுத்த ஆண்டு மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு விலை இருந்தது.

பிரிட்டனில் அதே சொல் எந்த அரசாங்கமும் கேட்டிராத உரத்த குரலில் ஒலித்தது. 2019 ஜனவரி 15-இல் மேயின் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 432-க்கு 202 என்ற கணக்கில் தோற்றது. 230 வாக்கு வித்தியாசம். நவீன பிரிட்டிஷ் வரலாற்றில் ஓர் அரசு சந்தித்த மிகப் பெரிய தோல்வி. ஷெல்லிங்கின் தர்க்கப்படி மறுநாள் பிரஸ்ஸல்ஸ் இறங்கி வந்திருக்க வேண்டும். மார்ச் 11 இரவு ஸ்ட்ராஸ்பூர்கில் மேவுக்குக் கிடைத்தது சில விளக்க ஆவணங்கள் மட்டுமே. அடுத்தடுத்து இரு முறை மீண்டும் தோற்றார்.

ஏன் இந்த வேறுபாடு? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். டென்மார்க் மறுத்தால் உடன்படிக்கையே நின்றுபோகும்; எல்லா நாடுகளும் ஒப்புதல் தந்தாக வேண்டும் என்பது விதி. 50-ஆம் உறுப்பின் கீழ் பிரிட்டன் மறுத்தால் எதுவும் நிற்காது. நாள் வந்ததும் அது ஒப்பந்தம் இல்லாமல் வெளியே நிற்கும். உள்ளே இருப்பவரின் மறுப்பும் வெளியே போகிறவரின் மறுப்பும் ஒரே சொல்லாக இருந்தாலும் ஒரே எடை கொண்டவை அல்ல. மற்றது, நாடாளுமன்றம் எதை ஏற்காது என்பது தெரிந்ததே தவிர எதை ஏற்கும் என்பது தெரியவில்லை. மார்ச் 27-இல் எட்டு மாற்று வழிகள் வாக்கெடுப்புக்கு வந்தன. எட்டும் தோற்றன. ஏப்ரல் 1-இல் மீண்டும் நான்கு, அவையும் தோற்றன. சுங்க ஒன்றியத்தில் நீடிக்கும் யோசனை மூன்றே வாக்குகளில் போயிற்று. கட்டப்பட்ட கை எதிராளியை அசைக்க வேண்டுமானால், அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதாவது தெளிவாக இருக்க வேண்டும்.

இரட்டைத்தளக் கோட்பாட்டின் பலவீனமும் இதுவே. உள்நாட்டுத் தரப்பு என்ன விரும்புகிறது என்பது முன்கூட்டியே உருவாகியிருக்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. 2016-இன் வாக்குச்சீட்டில் இருந்தது இருப்பதா, விலகுவதா என்ற கேள்வி மட்டும். விலகிய பின் ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம், மீன்பிடி, ஆட்கள் இடம்பெயரும் உரிமை என்று எது எந்த அளவில் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 51.9 சதவீதம் ‘விலகு’ என்றது. அந்த 51.9-க்குள் பல நாடுகள் ஒளிந்திருந்தன.

கடிகாரமும் வரிசையும்

பேச்சுவார்த்தையின் நடைமுறையையே முதன்மைக் காரணமாகக் காணும் பார்வை, அருகில் இருந்து பார்த்தவர்களிடம் வலுவாக உள்ளது. பிரஸ்ஸல்ஸில் பிரிட்டனின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்து 2017 ஜனவரியில் பதவி விலகிய ஐவன் ராஜர்ஸ் இதன் முக்கியக் குரல். அவர் சொன்னதன் சாரம்: விலகல் அறிவிப்புக் கடிதம் கொடுக்கும் வரைதான் பிரிட்டன் கையில் நேரம் இருந்தது, கொடுத்த கணத்தில் நேரம் மறுபக்கம் போய்விட்டது.

50-ஆம் உறுப்பு இரண்டு ஆண்டு கெடு விதிக்கிறது. நீட்டிக்க வேண்டுமானால் மற்ற எல்லா நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். இதை உணர்ந்தே ‘அறிவிப்புக்கு முன் பேச்சு இல்லை’ என்று 27 நாடுகளும் வாக்கெடுப்பு முடிந்த சில நாட்களிலேயே முடிவு செய்தன. லண்டன் தன் இலக்கைத் தீர்மானிக்கும் முன்பே, 2017 மார்ச் 29-இல், கடிதத்தைக் கொடுத்தது. அடுத்த மாதமே பொதுத்தேர்தலை அறிவித்தது. ஜூன் 8-இல் ஆளும் கட்சி பெரும்பான்மையை இழந்தது. கெடுவில் ஏறத்தாழ மூன்று மாதம் கழிந்துவிட்டது.

அதைவிட வரிசை முக்கியம். இடம்பெயர்ந்து வாழும் குடிமக்களின் உரிமை, தீர்க்க வேண்டிய நிதிக் கணக்கு, அயர்லாந்து எல்லை ஆகிய மூன்றிலும் போதிய முன்னேற்றம் ஏற்பட்ட பிறகே வருங்கால வணிகம் பற்றிப் பேசுவோம் என்றார் ஒன்றியத்தின் தலைமைப் பேச்சாளர் மிஷேல் பார்னியே. இந்த வரிசையை எதிர்த்து அந்தக் கோடை முழுவதும் பெரும் சண்டை நடக்கப் போகிறது என்று முன்னறிவித்திருந்தார் பிரிட்டன் தரப்பின் டேவிட் டேவிஸ். பேச்சு தொடங்கிய ஜூன் 19 அன்றே அவர் ஒப்புக்கொண்டார்.

சட்டம் யார் பக்கம் இருந்தது? வருங்கால உறவின் சட்டகத்தைக் கருத்தில் கொண்டு விலகல் ஏற்பாடுகள் செய்யப்பட வேண்டும் என்கிறது விதியின் வாசகம். இரண்டையும் இணையாகப் பேச இது இடம் தருகிறது என்று லண்டன் வாதிட்டதில் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றியத்தின் வரிசைக்குப் பின்னால் வேறொரு தர்க்கமும் இருந்தது. விலகல் ஒப்பந்தத்தைத் தகுதிப் பெரும்பான்மையால், அதாவது 27-இல் குறைந்தது 20 நாடுகளின் ஆதரவால், முடித்துவிடலாம். விரிவான வணிக உடன்படிக்கைகளோ நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாகாணத்துக்கு மாகாணம் ஒப்புதல் கேட்கக்கூடியவை. 2016 அக்டோபரில் பெல்ஜியத்தின் வல்லோனியா கனடா ஒப்பந்தத்தையே சில நாட்கள் நிறுத்திவைத்தது. பணத்தையும் மக்களையும் அந்தச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது என்பது நிர்வாக விவேகம். அதே விவேகம் பிரிட்டனின் மிக வலுவான சீட்டான பணத்தை முதல் சுற்றிலேயே மேசையில் போடவைத்தது. பணத்துக்காக அவர்கள் விசிலடித்துக்கொண்டு காத்திருக்கட்டும் என்ற தொனியில் நாடாளுமன்றத்தில் பேசினார் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜான்சன். டிசம்பருக்குள் 35 முதல் 39 பில்லியன் பவுண்டு என்று அரசே மதிப்பிட்ட பொறுப்பை லண்டன் ஏற்றுக்கொண்டது.

இந்தப் பார்வைக்கு எதிராகவும் சொல்ல ஒன்று இருக்கிறது. 2018 டிசம்பர் 10-இல் வைட்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், அறிவிப்புக் கடிதத்தை விலகும் நாடே தன்னிச்சையாகத் திரும்பப் பெறலாம் என்று தீர்ப்பளித்தது. கடிகாரத்தை நிறுத்தும் பொத்தான் எப்போதும் லண்டன் கையில் இருந்தது என்றாகிறது. அதை அழுத்தும் துணிவு எந்தப் பிரதமருக்கும் வந்திருக்காது. அது அரசியல் தடை. சட்டத் தடை இல்லை.

தண்டித்தார்களா?

பிரிட்டனுக்கு எளிய விலகலைக் கொடுத்தால் மற்றவர்களுக்கும் ஆசை வரும், ஆகவே ஒன்றியம் வேண்டுமென்றே கடுமை காட்டியது என்பது விலகல் ஆதரவாளர்களிடையே பரவலான கருத்து. பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்து 2016 அக்டோபரில் விலகலுக்கு ஒரு விலை இருந்தாக வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். பின்னர் பிரான்சில் மரீன் லெ பென்னின் கட்சி ஒன்றியத்தை விட்டு வெளியேறும் பேச்சைக் கைவிட்டதையும் இதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

ஆயினும் 2020 டிசம்பர் 24-இல் முடிந்த வணிக ஒப்பந்தம் சுங்க வரியும் அளவுக் கட்டுப்பாடும் இல்லாதது. தண்டிக்க நினைத்தவர் அதைக் கொடுத்திருக்க மாட்டார். உறுப்பினர் சலுகை வேண்டுமானால் உறுப்பினர் கடமையும் வேண்டும் என்ற பழைய விதியை ஒன்றியம் இறுகப் பிடித்தது. நார்வேயும் சுவிட்சர்லாந்தும் அதே விதிக்குப் பணமும் கீழ்ப்படிதலும் கொடுத்து வந்திருக்கின்றன. தற்காப்புக்கும் தண்டனைக்கும் இடையிலான கோடு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் தெரிவதில்லை என்பதற்கு மேல் இதில் உறுதியாகச் சொல்ல முடியாது.

வண்டித்தடம்

அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையிலான எல்லை சுமார் 500 கிலோமீட்டர் நீளம்; இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் அதைக் கடக்கின்றன. ஏறத்தாழ 3,500 பேரைப் பலிகொண்ட மோதலுக்குப் பிறகு 1998-இல் பெரிய வெள்ளி ஒப்பந்தம் வந்தது. அதற்குப் பின் அங்கே கோபுரமும் சோதனைச் சாவடியும் மறைந்ததற்கு அமைதி மட்டும் காரணமில்லை. அயர்லாந்தும் பிரிட்டனும் 1973-இல் ஒரே நாளில் சேர்ந்து ஒரே சந்தையில் இருந்ததால் சரக்கைச் சோதிக்க வேண்டியிருக்கவில்லை. 2016 பிரசாரத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதி இதைப் பற்றி யோசிக்கவேயில்லை. வட அயர்லாந்தில் 55.8 சதவீதத்தினர் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தார்கள்.

தெரசா மே மூன்றைக் கேட்டார்: சுங்க ஒன்றியத்திலிருந்து விடுதலை, அயர்லாந்துத் தீவில் சோதனையற்ற எல்லை, பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையில் வேறுபாடின்மை. இவற்றில் எந்த இரண்டையும் எடுக்கலாம், மூன்றையும் சேர்த்து எடுக்க முடியாது. 2017 டிசம்பர் 4-இல் மே பிரஸ்ஸல்ஸில் மதிய விருந்தில் அமர்ந்திருக்கையில், அவருடைய ஆட்சி நம்பியிருந்த பத்து உறுப்பினர் கொண்ட, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி வரைவை ஏற்க மறுத்தது. உடன்பாடு நான்கு நாள் தள்ளிப்போயிற்று. அந்த நான்கு நாளில் எழுதப்பட்ட பத்திகள் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் பேச்சைப் பிடித்து வைத்தன.

ஜான்சன் கடைசியில் மூன்றாவதைக் கைவிட்டார். எல்லை ஐரிஷ் கடலுக்கு நகர்ந்தது. 2020 செப்டம்பரிலேயே தான் கையெழுத்திட்டதை மீறும் மசோதாவைக் கொண்டுவந்து, அது சர்வதேசச் சட்டத்தைக் குறிப்பிட்ட, வரம்புக்குட்பட்ட வகையில் மீறும் என்று அமைச்சர் வாயாலேயே ஒப்புக்கொண்டது பிரிட்டன். தவறு ஒரு பக்கம் மட்டும் இல்லை. 2021 ஜனவரி 29-இல் தடுப்பூசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் அவசரத்தில் ஐரோப்பிய ஆணையம் விலகல் ஒப்பந்தத்தின் வட அயர்லாந்து நெறிமுறையில் உள்ள 16-ஆம் உறுப்பைக் கையில் எடுத்து, சில மணி நேரத்தில் பின்வாங்கியது. 2023 பிப்ரவரியில் வின்ட்சர் சட்டகம் வந்தது. வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்பு வழி. வண்டித்தடப் பாத்தியத்தை இதைவிட நேரடியாக எழுத முடியாது.

கோட்பாட்டு நூல்களில் இதற்குச் சரியான இடம் இல்லை. பலச்சமன்பாட்டின்படி அயர்லாந்துக் குடியரசு சிறிய நாடு. ஆனால் உள்ளே இருந்த சிறிய நாட்டின் கவலையை 26 நாடுகள் தம் கவலையாக்கிக்கொண்டன. வெளியே போன பெரிய நாடு அதை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

மற்றவர்கள் எப்படிப் போனார்கள்

பிரிட்டனின் விலகலை மட்டும் வைத்துப் பொதுவிதி செய்வது ஆபத்து. 1982-இல் வாக்கெடுப்பு நடத்தி 1985 பிப்ரவரி 1-இல் ஐரோப்பியச் சமூகத்திலிருந்து விலகிய கிரீன்லாந்துக்கு ஒரே கவலை மீன். டென்மார்க் அதன் சார்பில் பேசியது. ஐரோப்பியப் படகுகளுக்கு மீன்பிடி இடம் கொடுத்து, கிரீன்லாந்து மீனுக்கு வரியில்லாச் சந்தையும் பணமும் வாங்கினார்கள். ஐம்பதாயிரத்துச் சொச்சம் மக்கள், ஒரே பொருள்; அதற்கே மூன்று ஆண்டு. என்றாலும் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

ஆண்டியன் சமூகத்தை விட்டு 2006 ஏப்ரலில் வெனிசுவேலா விலகியபோது, ஐந்தாண்டுகளுக்கு வரிச்சலுகை தொடரும் என்று உடன்படிக்கையிலேயே இருந்ததால் 2011 வரை சரக்கு ஓடியது. கென்யா, தான்சானியா, உகாண்டா ஆகிய மூன்றும் 1967-இல் கட்டிய கிழக்காப்பிரிக்கச் சமூகத்துக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு எதுவும் உதவவில்லை. 1977-இல் அது சிதறியது. பொது ரயில், துறைமுகம், விமான நிறுவனம் எல்லாவற்றின் கணக்கையும் தீர்க்க சுவிஸ் நடுவர் விக்டர் உம்பிரிக்டின் துணையோடு 1984 வரை ஆயிற்று. கென்யாவுடனான எல்லையைத் தான்சானியா ஆண்டுக்கணக்கில் மூடிவைத்திருந்தது.

மாலி, புர்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்றும் 2025 ஜனவரி 29-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்தை விட்டு விலகின. மூன்றும் ராணுவ ஆட்சி நாடுகள், மூன்றுக்கும் கடற்கரை கிடையாது. அதே நாளில், தாங்கள் மூவரும் அமைத்த கூட்டணியின் கடவுச்சீட்டை வெளியிட்டன. சமூகமோ இவர்களின் பழைய ஆவணங்களை மறு அறிவிப்பு வரும் வரை தொடர்ந்து ஏற்கும்படி தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. எல்லை கடந்த உறவுகளும் சந்தைகளும் இருபக்கத்தையும் அடக்கி வைத்தன என்று இதைப் படிக்கலாம்.

கூட்டமைப்பு அல்ல, ஒரே நாடு என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாவிட்டாலும், 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்ததையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. சிங்கப்பூர் தரப்பில் கோ கெங் ஸ்வீயும் மலேசியத் தரப்பில் துன் அப்துல் ரசாக்கும் ஜூலையில் ரகசியமாகத் தொடங்கிய பேச்சு ஆகஸ்ட் 7-இல் உடன்படிக்கையாகக் கையெழுத்தாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்த சிங்கப்பூர் அமைச்சர் எஸ். ராஜரத்தினம் கையெழுத்திடத் தயங்கியவர்களில் ஒருவர். 1963-இல் வாக்களிக்கப்பட்ட பொதுச்சந்தை உருவாகாமலே போயிற்று. ஜொகூர் தண்ணீர் ஒப்பந்தங்களுக்கு மட்டும் பிரிவினை உடன்படிக்கையில் உறுதி எழுதி வாங்கினார்கள். அவற்றில் ஒன்று 2061 வரை செல்லும். கிணற்றுப் பாத்தியத்தைப் பார்த்து எழுதியவர்கள் அவர்கள்.

இந்த வரிசை ஒரு கருத்தை நோக்கிச் சாய்கிறது. நிரூபிக்கிறது என்று சொல்ல மாட்டேன். விலகும் நாட்டின் பேர வலிமையில் அதன் பருமனுக்குப் பங்குண்டு, கெடுவுக்கும் உண்டு. ஆனால் தனக்கு எந்தப் பாத்தியம் தொடர வேண்டும் என்பதை அது முன்பே முடிவு செய்திருந்ததா என்பதற்கு நூல்கள் கொடுத்ததைவிட அதிகப் பங்கு இருக்கலாம்.

இன்னும் முடியாதவை

விலகலால் பிரிட்டனின் உற்பத்தித்திறன் நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும் என்கிறது அந்நாட்டின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம். இது விலகலின் விலையா, விலகிய விதத்தின் விலையா என்பதைப் பிரித்தறிய வழி இதுவரை இல்லை. சுங்க ஒன்றியத்தில் நீடித்த இன்னொரு பிரிட்டன் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்காது. தனி வணிகக் கொள்கை கிடைத்ததையும் கணக்கில் வைக்க வேண்டும். 2025 ஜூலை 24-இல் இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டதால் ஆடைக்கான வரி நீங்கும் என்று திருப்பூர் எதிர்பார்க்கிறது. ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் லண்டனால் அதைத் தனியாகச் செய்திருக்க முடியாது.

மறுபக்கம், பேரம் ஓயவில்லை. 2025 மே 19-இல் லண்டனில் கூடிய உச்சி மாநாடு உணவு, தாவர, விலங்குச் சோதனைகளைக் குறைக்கும் ஒப்பந்தத்தை நோக்கி நகர்ந்தது. ஐரோப்பியப் படகுகளின் மீன்பிடி அனுமதியை 2038 வரை நீட்டித்தது. கிரீன்லாந்தின் சரக்கேதான், திசை மட்டும் வேறு. 50-ஆம் உறுப்பு ஒரு கெடுவை வைத்தது என்றாலும், விலகல் எப்போது முடிந்ததாகக் கொள்வது என்று எங்கும் எழுதவில்லை. வட அயர்லாந்துச் சரக்கு விதிகள் தொடரலாமா என்று அங்குள்ள சட்டமன்றத்தைக் கேட்டாக வேண்டும் என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. 2024 டிசம்பர் 10-இல் அது 48-க்கு 36 என்று ஒப்புதல் தந்தது. இரு சமூகங்களின் பெரும்பான்மையும் கிடைத்திருந்தால் அடுத்த கேள்வி எட்டு ஆண்டு கழித்து வந்திருக்கும். கிடைக்காததால் 2028-இல் மறுபடி கேட்பார்கள்.